பொதுச் சுவரோவியம்: தூரிகையை மக்கள் கையில் எப்போது கொடுப்பது?

கேள்வி

நாங்கள் நால்வர் கொண்ட சிறிய ஓவியர் குழு. ஒரு பொது நூலகத்தின் வெளிச்சுவரில், ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள பரப்பில் ஓவியம் தீட்ட எங்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. முன்பு வேறோர் இடத்தில், வரைபடம் முழுவதையும் நாங்களே முடித்துவிட்டு, கடைசி இரண்டு நாள்களில் மட்டும் அப்பகுதி மக்களை அழைத்து, இலைகளுக்கும் பூக்களுக்கும் வண்ணம் பூசச் சொன்னோம். மகிழ்ச்சியோடு வந்தார்கள். ஆனால் ஓராண்டுக்குள் அதன் மேல் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டபோது யாரும் தடுக்கவில்லை; எங்களுக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இம்முறை மக்கள் உண்மையாகவே பங்கேற்க வேண்டும் என்று விரும்புகிறேன். கைப்பழக்கம் இல்லாதவர்கள் தீட்டினால் தரம் குன்றிவிடுமோ என்று குழுவில் சிலர் அஞ்சுகிறார்கள். எந்தக் கட்டத்தில், எந்த முறையில் அவர்களைச் சேர்த்துக்கொள்வது?

முதல் பதில்

சுவரொட்டியை யாரும் தடுக்காததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. என்ன வரைய வேண்டும் என்ற முடிவில் அவர்களுக்குப் பங்கில்லை. முடிந்துபோன ஒன்றுக்கு வண்ணம் நிரப்ப மட்டுமே அழைக்கப்பட்டார்கள். ஆகவே முதல் கோடு வரைவதற்கு முன்பே அவர்களிடம் செல்லுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வெள்ளக் கால்வாய்ச் சுவரில் ஓவியர் ஜூடித் பாக்கா முன்னின்று உருவாக்கிய பெருஞ்சுவர் ஓவியத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 1976இல் தொடங்கி 1983 வரை பல கோடைக்காலங்களில் தீட்டப்பட்ட அதன் நீளம் 2,754 அடி. நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் உழைத்தார்கள். கலிபோர்னியாவின் வரலாற்றில் பாடநூல்கள் ஒதுக்கிவைத்த சமூகங்களின் கதையே அதன் பொருள் என்பதால், வரலாற்று அறிஞர்களிடமும் அந்நிகழ்ச்சிகளை வாழ்ந்து கடந்தவர்களிடமும் கேட்டறிந்த பிறகே காட்சிகள் உருவாயின. உங்களிடம் அவ்வளவு காலம் இருக்காது. ஆயினும் இரண்டு மூன்று வாரங்கள் நூலகத்துக்கு வருபவர்களிடமும், அதைவிட முக்கியமாக, அந்தச் சுவரை நாள்தோறும் கடந்தும் நூலகத்துக்குள் நுழையாதவர்களிடமும் பேசலாம். கூட்டம் கூட்டினால் வழக்கமாகப் பேசுபவர்களே பேசுவார்கள். தனித்தனியே சென்று கேட்பதே நல்லது. வரைவு தயாரானதும் அதைச் சுவரருகிலேயே மாட்டிவைத்து, திருத்தத்துக்கு இடம் கொடுங்கள்.

இரண்டாம் பதில்

தரம் பற்றிய அச்சத்துக்கு வழி உண்டு. 1984இல் சுவர்க்கிறுக்கல் தடுப்பு முயற்சியின் பகுதியாகத் தொடங்கிய பிலடெல்பியாவின் சுவரோவியத் திட்டத்தில், ஓவியத்தை ஐந்தடிச் சதுரங்களாகப் பிரித்து, மெல்லிய நெய்யாத துணியில் கோடுகளை மாற்றி, ஒவ்வொரு பகுதிக்கும் வண்ண எண் குறித்துக் கொடுக்கிறார்கள். சாரத்தில் ஏற முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும்கூட மேசையருகே அமர்ந்து தீட்டலாம் என்பதே இம்முறையில் நான் பெரிதும் மதிப்பது. பின்னர் அத்துணிகளை அக்ரிலிக் பசைக்களிம்பால் சுவரில் ஒட்டி, ஓவியர்கள் இணைப்புகளைச் சரிசெய்கிறார்கள். முகங்களையும் நுண்ணிய நிழல்களையும் நீங்களே தீட்டிக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை.

மூன்றாம் பதில்

முதல் பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். மக்கள் என்பது ஒரே குரல் அன்று. சிகாகோவில் 1967இல் கறுப்பினக் கலைஞர்கள் கூடித் தீட்டிய ‘மரியாதைச் சுவர்’ அக்குடியிருப்பு மக்களின் பேரன்பைப் பெற்றது. அங்கேகூட ஓர் ஓவியரின் பகுதி வெள்ளையடிக்கப்பட்டு வேறொருவரால் மீண்டும் தீட்டப்பட்டபோது குழுவுக்குள் பிளவு ஏற்பட்டது. 1971இல் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பிறகு கட்டடமே இடிக்கப்பட்டது. எனவே யார் மாற்றலாம், யாரைக் கேட்டு மாற்ற வேண்டும், பழுதானால் யார் சீர்செய்வது, சுவரை இடிக்க நேர்ந்தால் யாருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பவற்றைத் தொடக்கத்திலேயே நூலக நிர்வாகத்தோடும் மக்கள் பிரதிநிதிகளோடும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்கென ஒரு தொகையையும், மீந்த வண்ணங்களையும் அவற்றின் கலவைக் குறிப்பையும் ஒதுக்கி வையுங்கள். மற்றவர் தன்னார்வலர்களாக வந்தாலும், பல வாரம் தொடர்ந்து உழைக்கும் இளைஞர்களுக்கு ஊதியம் தருவதே நேர்மை என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நாங்கள் வரைந்து வைத்திருந்த வரைவை ஒதுக்கிவிட்டு, முதலில் மக்களிடம் பேசிவிட்டு வருவதென இன்று முடிவு செய்தோம். துணி முறை எங்களுக்குப் புதிது. சுவரின் அடிப்பகுதியில் வெண்ணிற உப்புப் படிவு தெரிகிறது. அதன் மேல் துணியை ஒட்டலாமா?

இரண்டாம் பதில் எழுதியவர்

இப்போது ஒட்டாதீர்கள். உப்புப் படிந்தால் சுவருக்குள் ஈரம் ஓடுகிறது என்று பொருள்; துணியானாலும் வண்ணமானாலும் உரிந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளிகள் படிந்தால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அடைத்து, சுவர் நன்கு உலர்ந்த பிறகு உப்பைத் தேய்த்தெடுத்துப் பூச்சைத் தொடங்குங்கள். நீங்கள் மக்களிடம் பேசப்போகும் வாரங்களிலேயே இந்த வேலையையும் தொடங்கிவிடலாம்.