மகனை அமெரிக்கன் ஃபுட்பால் ஆட விடலாமா? அமெரிக்காவில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிட்ஸ்பர்க் (பதிவைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எட்டாவது படிக்கிற என் பையன், அடுத்த வருஷம் ஹைஸ்கூல் டாக்கிள் ஃபுட்பால் (பந்தோட ஓடுறவனை மோதிக் கீழ தள்ளுற ஆட்டம்) டீம்ல சேர்ந்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஸ்டீலர்ஸ்ங்கற பேர்போன ஃபுட்பால் டீமோட ஊர்ல வளர்ற பிள்ளை, கேக்காம இருந்தாத்தான் அதிசயம். பென் ஹில்ஸ் பெருமாள் கோயில்ல புளியோதரைக்கு நிக்கிற வரிசையிலயே கறுப்பு மஞ்சள் ஜெர்சியைப் பாக்கலாம்.

பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம் போட்டு ஒரு தாள் குடுத்தாங்க. தலையில அடிபட்டா என்னென்ன அறிகுறி தெரியும், அடிபட்ட பிள்ளையை அன்னிக்கே திரும்ப இறக்கக் கூடாது, டாக்டர் எழுதிக் குடுத்தப்புறம்தான் ஆடணும்னு விவரமா இருக்கு. கீழ பிள்ளைக்கு ஒரு கையெழுத்து, பெத்தவங்களுக்கு ஒரு கையெழுத்து. 2009-ல வாஷிங்டன் மாநிலத்துல ஆரம்பிச்ச சட்டம் இது. 2014-க்குள்ள ஐம்பது மாநிலத்துலயும் வந்துடுச்சு. நல்ல சட்டம்தான். ஆனா "வாந்தி, வெளிச்சம் பாத்தா கண் கூசுறது, கேட்டதையே திரும்பக் கேக்குறது"ன்னு வரிசையாப் படிச்சதும் எனக்குப் பேனாவை எடுக்க மனசு வரல.

இந்த ஊர்க்காரங்களுக்கு மைக் வெப்ஸ்டர் பேரைச் சொன்னாலே போதும். ஸ்டீலர்ஸுக்கு நாலு சூப்பர் பவுல் (சாம்பியன் பட்டம்) வாங்கிக் குடுத்த டீம்ல சென்டரா ஆடினவர். கடைசிக் காலத்துல மனசு கலங்கி, சில நாள் தன்னோட டிரக்லயே படுத்துக் கிடந்திருக்கார். 2002-ல ஐம்பது வயசுல போயிட்டார். பிரேதப் பரிசோதனை செஞ்ச டாக்டர் பென்னட் ஒமாலு அவர் மூளையை விடாம ஆராய்ஞ்சு, சி.டி.இ. (தலையில திரும்பத் திரும்ப அடிபட்டு மூளை கெட்டுப்போற நோய்) இருக்குன்னு 2005-ல எழுதினார். தொழில்முறை ஃபுட்பாலை நடத்துற என்.எஃப்.எல். அமைப்போட டாக்டர்கள் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெறச் சொல்லிச் சண்டைக்கு வந்தாங்க. அந்தப் பரிசோதனை நடந்தது இதே ஊர்லதான்.

என்.எஃப்.எல்.கிட்ட பணத்துக்குக் குறைச்சல் இல்ல. 2021-ல போட்ட டிவி ஒப்பந்தம் மட்டும் பதினோரு வருஷத்துக்குச் சுமார் 11,000 கோடி டாலர். என் கேள்வி வேற. இன்னும் இருபது வருஷத்துல இந்த ஆட்டத்துக்கு யார் வீட்டுப் பிள்ளைங்க வருவாங்க? நேர்ல பாத்தவங்க, பிள்ளையை ஆட விட்டவங்க, விடாதவங்க எல்லாரும் எழுதுங்க.

சின்சினாட்டி

2023 ஜனவரி 2, திங்கள் இரவு. அலுவலக நண்பர்களுடன் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் பெங்கால்ஸ் அணிக்கும் பஃபலோ பில்ஸ் அணிக்கும் ஆட்டம். முதல் கால்பகுதிகூட முடியவில்லை. பெங்கால்ஸின் டீ ஹிக்கின்ஸ் பந்தோடு ஓடி வர, பில்ஸின் டமார் ஹாம்லின் அவரைப் பிடித்துக் கீழே தள்ளினார். பார்ப்பதற்குப் பெரிய மோதலாகவே தெரியவில்லை. ஹாம்லின் எழுந்து நின்றார். ஓர் அடி வைத்தார். அப்படியே மல்லாக்க விழுந்தார்.

யாருக்காவது அடிபட்டால் கூட்டம் கொஞ்சம் அடங்கும், கையைத் தூக்கிக் காட்டினால் தட்டுவார்கள், ஆட்டம் தொடரும். அன்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் சுற்றி வட்டமாக நின்று மறைத்துக்கொண்டார்கள். சிலர் முட்டி போட்டு அழுதார்கள். ஆம்புலன்ஸ் ஆடுகளத்துக்குள்ளேயே வந்து நின்றது. பீர் விற்றுக்கொண்டிருந்த பையன் தட்டைப் படியில் வைத்துவிட்டு எங்கள் வரிசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அறுபதாயிரம் பேருக்கு மேல் இருந்த இடத்தில் பக்கத்து ஆள் மூச்சு விடுவது கேட்டது. அந்த ஆட்டம் பிறகு நடக்கவே இல்லை.

நெஞ்சில் அடி விழுந்த நொடி, இதயத் துடிப்பின் மிகச் சிறிய ஓர் இடைவெளியோடு ஒத்துப்போனதால் இதயம் நின்றுவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். இது பேஸ்பாலிலும் நடக்கக்கூடியது. அதனால் ஃபுட்பாலை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஹாம்லின் பிழைத்து, அதே ஆண்டு திரும்பவும் ஆடினார். உடனே நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்களும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியும் பக்கத்திலேயே இருந்ததால்தான் அவர் இன்று இருக்கிறார். நம் பிள்ளைகள் ஆடும் எல்லாப் பள்ளி மைதானத்திலும் அந்த வசதி உண்டா?

என்னை அதைவிட உலுக்கியது, அதே மைதானத்தில் மூன்று மாதம் முன்பு நடந்தது. மயாமி அணியின் டுவா டாகோவைலோவா கீழே விழுந்ததும் முகத்துக்கு நேரே அவர் விரல்கள் கோணிக்கொண்டு விறைத்து நின்றன. நான்கு நாள் முன்புதான் வேறொரு ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, எழுந்து தள்ளாடினார். முதுகு வலி என்று சொல்லி அன்றே திரும்ப இறக்கினார்கள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், தள்ளாடினாலே அன்று முழுக்க வெளியே என்று விதியை மாற்றினார்கள். ஹாம்லினுக்கு நடந்தது விபத்து. டுவாவுக்கு நடந்ததைத் தடுத்திருக்கலாம்.

ஃபுளோரிடா

நான் பிசியோதெரபிஸ்ட். வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பேன். முன்னாள் என்.எஃப்.எல். லைன்மேன் (முன்வரிசையில் நின்று எதிராளியை மோதித் தடுப்பவர்) ஒருவருக்கு இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பயிற்சி கொடுத்தேன். ஊர், பேர், அணி எதுவும் சொல்ல மாட்டேன்.

அவ்வளவு பெரிய கை. மோதிர விரல் முதல் கணுவிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை ஒழுங்காகச் செய்வார், மரியாதையாகப் பேசுவார். "நீங்க எந்த ஊர்?" என்று கேட்பார். மதுரை என்பேன். அங்கே வெயில் அதிகமா என்பார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும், "நீங்க எந்த ஊர்?" அவர் மனைவி கேஸ் அடுப்பின் திருகுகளைக் கழற்றித் தன் கைப்பையில் வைத்திருந்தார். சமைக்கும்போது மாட்டுவார், முடிந்ததும் கழற்றிவிடுவார். முன்பு ஒரு நாள் ராத்திரி கணவர் அடுப்பைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாராம்.

எத்தனை முறை கன்கஷன் (அடிபட்டு மூளை அதிர்வது) ஆனது என்று அவரிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணும் பெரிசா இல்ல" என்றார். பொய் சொல்லவில்லை. மயங்கி விழும் அடியை மட்டும்தான் அந்தக் காலத்தில் அடி என்று எண்ணினார்கள். லைன்மேனுக்கோ ஆட்டத்தில் பந்தை நகர்த்தத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எதிராளியோடு தலை மோதும். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும், மூளையைக் காப்பாற்றாது. தேங்காய் ஓட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் உள்ளே தண்ணீர் ஆடத்தானே செய்யும்? அந்தச் சின்னச் சின்ன அடிகள் வருடக்கணக்கில் சேர்ந்துதான் சி.டி.இ. வருகிறது. ஆடும் ஒவ்வொரு ஆண்டுக்கும் அது வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது என்று பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு கணக்கிட்டிருக்கிறது. அக்கா, உங்கள் பையன் எந்த வயதில் தொடங்குகிறான் என்பது அதனால்தான் முக்கியம்.

2017-ல் அதே குழு ஆராய்ந்த 111 என்.எஃப்.எல். மூளைகளில் 110-ல் நோய் இருந்தது. இதை எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் மூளையைத் தானமாகக் கொடுத்தன. எனவே ஆடுகிற எல்லாருக்கும் வரும் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய இன்று வழியும் இல்லை.

அந்த அம்மா ஒரு தடித்த கோப்பைக் காட்டினார். மூளை பாதிப்புக்கு என்.எஃப்.எல்.லிடம் இழப்பீடு கேட்டு அனுப்பிய தாள்கள். கணவர் கறுப்பினத்தவர். இழப்பீட்டுக்கான சோதனையில் கறுப்பின ஆட்டக்காரர்களின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் நினைவு குறைந்துபோனதே தெரியாதல்லவா? இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020-ல் வழக்குப் போட்ட பிறகு, 2021-ல்தான் அதைக் கைவிடுவதாக என்.எஃப்.எல். ஒப்புக்கொண்டது. தலையைக் கொடுத்து ஆடினவரிடம், உன் தலையில் முதலிலேயே ஒன்றும் இல்லை என்று சொன்னது போலத்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆலன், டெக்சாஸ்

சகோதரி, நான் ஆட விட்டவன். என் பக்கத்தையும் சொல்லணும்.

எங்க ஊர்ல பள்ளிக்கூடப் பசங்களுக்காக 6 கோடி டாலர்ல ஸ்டேடியம் கட்டினாங்க. 18,000 பேர் உக்காரலாம். 2012-ல திறந்து, கான்கிரீட்ல வெடிப்பு விட்டு 2014-ல மூடி, சரி பண்ணித் திரும்பத் திறந்தாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே அங்கதான். என் பையன் கார்னர்பேக், அதாவது பந்தைப் பிடிக்க ஓடுறவனைத் தடுக்கிறவன். விடியக்காலை அஞ்சரைக்குத் தானா எழுந்து பயிற்சிக்குப் போறான். அவன் டீம்ல எல்லா நிறத்துப் பசங்களும் இருக்காங்க, எல்லாரும் எங்க வீட்ல சாம்பார் சாதம் சாப்பிட்டவங்கதான். இந்த ஊர்ல நாங்க வேர் பிடிச்சது இந்த ஆட்டத்தாலதான்.

ஆட்டமும் மாறியிருக்கு. டெக்சாஸ்ல ஒரு பையன் வாரத்துக்குத் தொண்ணூறு நிமிஷத்துக்கு மேல முழு மோதல் பயிற்சி செய்யக் கூடாது. என்.எஃப்.எல்.லயும் 2024-ல கிக்-ஆஃப் (பந்தை உதைச்சு ஆட்டத்தைத் தொடங்குறது) விதியை மாத்தினாங்க. முன்ன ரெண்டு பக்கமும் தூரத்துலேர்ந்து முழு வேகத்துல ஓடி வந்து மோதுவாங்க, இப்ப கிட்ட கிட்ட நிறுத்திடுறாங்க. 2015-லேர்ந்து 2024 வரைக்கும் எடுத்த கணக்குல அந்த வருஷம்தான் கன்கஷன் குறைவு. அதே ஆளுங்க 2021-ல ஒரு டீமுக்கு வருஷத்துக்குப் பதினாறு ஆட்டம்னு இருந்ததைப் பதினேழாக்கி, இப்ப பதினெட்டு கேக்குறாங்க. இது எனக்கும் உறுத்துது.

நீங்க கேட்ட கேள்வி, யார் வீட்டுப் பிள்ளைங்க வருவாங்கன்னு. 2008-09-ல 11 லட்சத்துக்கு மேல ஹைஸ்கூல் பசங்க ஆடினாங்க. பத்து வருஷத்துல அது ஒரு லட்சம் குறைஞ்சது. அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கு. ஆட்டம் அழியாது. ஆனா எங்க தெருவுல டாக்டர் வீட்டுப் பையன் டென்னிஸுக்கு மாறிட்டான், வக்கீல் வீட்டுப் பையன் லக்ராஸ். என் பையனோட நண்பன் ஒருத்தன், அம்மா ரெண்டு வேலை பாக்குறாங்க. அவனுக்குக் காலேஜ் போக ஸ்காலர்ஷிப் தவிர வேற வழி இல்ல. அவன் ஆடுவான். தாளைப் படிச்சுப் பாத்து யோசிக்கிற வசதி நமக்கு இருக்கு, அவங்க அம்மாவுக்கு இல்ல. உண்மையைச் சொன்னா இதுதான் என்னைத் தூங்க விடாம பண்ணுது.

டொராண்டோ

நாங்கள் கனகாலமாய் பில்ஸ் ரசிகர். எல்லை தாண்டிப் பஃபலோவுக்குக் காரில போய்ப் பனிக்குள்ள நிண்டு பார்க்கிறது எங்கட வீட்டில ஒரு திருவிழா மாதிரி. அங்க அணிக்கு ஒரு புது ஸ்டேடியம். அதில 85 கோடி டாலர் பொதுமக்கட வரிக்காசு. சீசன் டிக்கெட் வேணுமெண்டால் முதல்ல இருக்கைக்கு உரிமம் எண்டு தனிக்காசு கட்டவேணும். அதோட டிவியில பார்க்கிற அமெரிக்கச் சனத்துக்கும் வியாழனுக்கு அமேசன், கிறிஸ்மஸுக்கு நெட்ஃபிளிக்ஸ் எண்டு ஒவ்வொண்டுக்கும் சந்தா. பிள்ளையளை அனுப்பத் தாய் தகப்பன் பயப்பிடுகினம், பார்க்க வாற சனத்திட்ட இப்பிடிக் கறக்கினம். ஆர் மிஞ்சுவினம்?

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

என் மகள் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுகிறாள். இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் பிடித்ததாகக் கணக்கு, மோதல் கிடையாது. 2023-ல் இந்த மாநிலம் பெண்களுக்கான பள்ளி விளையாட்டாக இதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டோடு சேர்த்து இதையும் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிக்கு எடுத்துக்கொண்டது. என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கள் அதில் ஆடலாம் என்று உரிமையாளர்களும் சம்மதித்துவிட்டார்கள்.

மகள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவள். பந்தை விடும் முன் கண்ணால் வலப்பக்கம் பார்த்துத் தடுப்பவளை ஏமாற்றிவிட்டு இடப்பக்கம் எறிவாள். இந்த ஆட்டத்தின் மூளை வேலை அத்தனையும் இதில் இருக்கிறது. டாக்கிளுக்கு ஈடாகாது என்று சொல்பவர்கள் ஒரு முறை வந்து பாருங்கள். பதினாலு வயது வரை ஃபிளாக் மட்டும் ஆடினால், அத்தனை வருட அடி மிச்சம். பிறகு டாக்கிளுக்குப் போக வேண்டுமென்றால் உங்கள் பையனே முடிவு செய்யட்டும்.

பிட்ஸ்பர்க்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபுளோரிடாக்காரர் எழுதினதைப் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல, அப்புறம் அடுப்புத் திருகைப் பத்திக் கேட்டான். இந்த வருஷம் ஃபிளாக், அடுத்த வருஷம் திரும்பப் பேசுவோம்னு ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கோம். டெக்சாஸ் அண்ணா, அப்படியே டாக்கிள்ல சேத்தா கோச்கிட்ட என்ன கேக்கணும்?

ஆலன், டெக்சாஸ்

வாரத்துல எத்தனை நிமிஷம் முழு மோதல் பயிற்சின்னு கேளுங்க. ஆட்ட நாள்ல மட்டும் இல்லாம, பயிற்சி நாள்லயும் அத்லெட்டிக் டிரெய்னர் (அடிபட்ட பசங்களைக் கவனிக்கிறவர்) மைதானத்துல இருப்பாரா, ஷாக் குடுக்கிற கருவி எங்க இருக்கு, பூட்டி வெச்சிருந்தா சாவி யார்கிட்டன்னு கேளுங்க. பையன் தலையைப் பிடிச்சுக்கிட்டா வெளிய உக்கார வைக்கிறது யார் முடிவு, கோச்சா டிரெய்னரான்னும் கேளுங்க. கோச்சுன்னு பதில் வந்தா அந்த டீம் வேண்டாம். ஹெல்மெட் பழசா, எப்ப சோதிச்சாங்கன்னு உள் ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், கையில வாங்கிப் பாருங்க. பெற்றோர் கூட்டம் எப்பன்னு சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவை போன்ல பேசிடுவோம்.