பழைய ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள் என்ன பார்த்தீர்கள்?

சேலம் மெக்கானிக்:
வெளிநாட்டு அலுவலகங்களில் குத்தகை முடிந்த பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் கன்டெய்னரில் இங்கே வருகின்றன. டிரம், பிளேடு, ரோலர் மாற்றிக் கடைகளுக்கும் வக்கீல் அலுவலகங்களுக்கும் கொடுப்பது என் பிழைப்பு. சென்ற ஆண்டு ஒன்றைத் துடைத்து மின்சாரம் கொடுத்தேன். திரையில் பழைய முகவரிப் பட்டியல் அப்படியே வந்தது. அமெரிக்காவில் ஏதோ பல் மருத்துவமனை: வரவேற்பு, கணக்குப் பிரிவு, இரண்டு டாக்டர்கள், ஆளுக்கொரு மின்னஞ்சல். சேமித்த கோப்புகளுக்கான பொத்தானைத் தொட்டேன். பூட்டில்லாத ஒரு பெட்டியில் நோயாளிகள் கையால் நிரப்பிய படிவங்கள், காப்பீட்டு எண்ணோடு. எங்கோ இருக்கும் ஒரு பெண்மணிக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பது சேலத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது! இதற்குக் கணினி வித்தை எதுவும் வேண்டியதில்லை, ஒரு விரல் போதும்.

கண்ணுக்குத் தெரியாதது இன்னும் அதிகம். இந்த வகை இயந்திரங்களில் கண்ணாடியில் வைக்கும் தாள் பெரும்பாலும் முதலில் படமாக ஹார்டு டிஸ்க்கில் இறங்கிவிட்டுத்தான் அச்சுக்குப் போகிறது. வேலை முடிந்ததும் ‘அழிந்தது’ என்றாலும், பல நேரம் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை படம் கிடக்கும், மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் எடுத்துவிடலாம். மேசைமேல் வைக்கும் சின்ன இயந்திரங்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க்கே கிடையாது, அவற்றில் இந்தக் கவலை குறைவு.

நியூஜெர்சித் தமிழன்:
அண்ணன் சொல்வது இங்கே 2010இலேயே நாறிய விஷயம். சிபிஎஸ் தொலைக்காட்சிக்காரர்கள் இந்த மாநிலக் கிடங்கு ஒன்றில் நான்கு பழைய இயந்திரங்களை, ஒவ்வொன்றும் சுமார் 300 டாலருக்கு வாங்கி, டிஸ்க்குகளைக் கழற்றிப் பார்த்தார்கள். இரண்டு பஃபலோ நகரப் போலீஸுடையவை. ஒன்றில் குடும்ப வன்முறைப் புகார்களும் பாலியல் குற்றவாளிகளின் பட்டியலும். மற்றதில் போதைப்பொருள் சோதனையில் பிடிக்க வேண்டியவர்களின் பட்டியல். நான்கில் இன்னொன்று அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துடையது. அதில் சுமார் 300 பக்கம் மருத்துவக் குறிப்புகள். 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. 2013இல் அரசுடன் சமரசம் செய்துகொண்டு 12,15,780 டாலர் கட்டியது. அதில் எத்தனை ஹார்டு டிஸ்க் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் அலுவலகக் கணக்கர்:
எங்களிடம் வாடகை இயந்திரம் இருந்தது. வாடிக்கையாளர்களின் பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். ஒப்பந்தம் முடிந்து எடுத்துப்போக வந்த பையனிடம் டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொன்னேன்.

“அதை எடுத்துவிட்டால் மெஷின் எழும்பாது, மேடம்.”

“அழித்தாவது கொடுங்கள்.”

“ஃபார்மட் செய்துவிடுவோம், மேடம். நம்புங்கள்.”

எங்கள் ஆடிட்டர் சார் நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே ரசீது கேட்பவர். புது டிஸ்க்குக்கான பணத்தை நாங்கள் கட்டுகிறோம், பழையது வெளியே போகாது என்று சொல்லிவிட்டார். பையன் முதலாளியிடம் போன் பேசி, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கைக்குள் அடங்கும் அந்தப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். எங்கள் பியூன் அதில் டிரில்லிங் மெஷினால் துளை போட்டார். அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் இதையே ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட்டோம்.

மதுரை வாசகி:
பெரிய இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தெருமுனைக் கடையில் நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதார் என்ன ஆகிறது? எனக்கு முன்னால் வந்த யாருடைய ஜாதிச் சான்றிதழோ கடைக் கணினித் திரையில் விரிந்து கிடந்தது. இப்போதெல்லாம் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைத்தான் கொண்டுபோகிறேன். அச்சானதும் கோப்பை என் கண்முன்னே அழிக்கச் சொல்வேன். கடைக்காரர் முறைக்கத்தான் செய்வார், முறைக்கட்டும்.

சேலம் மெக்கானிக்:
கணக்கர் அம்மா செய்தது சரி. டிரில் இல்லாதவர்கள் இயந்திரத்தின் நிர்வாகி அமைப்புக்குள் போய், ஒவ்வொரு வேலைக்கும் பின் மேலெழுதி அழிக்கும் வசதியும், டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் குறியாக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். சில இயந்திரங்களில் இருந்தும் யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள். இன்னொன்று: ஸ்கேன் செய்த கோப்பு நேராகக் கணினிக்குப் போவதற்காக, உங்கள் நெட்வொர்க் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இயந்திரத்தில் பதிந்திருக்கும். இயந்திரம் வாசலைத் தாண்டும் அன்றே அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.