சூப்பர்சார்ஜருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள கார்களுக்கு எந்த பெட்ரோல் போடுவது, மைலேஜ் எவ்வளவு குறையும் என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'மீமின்னூட்டி', 'மீயூட்டி', 'மிகையூட்டி' என்று மூன்று சொற்கள் கைவசம் இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்ளலாம்?

* * *

> எதை எடுத்துக்கொள்ளலாம்?

மூன்றும் வேண்டாம் தம்பி.

மீமின்னூட்டியை முதலில் தள்ளிவிடலாம். 'சார்ஜ்' என்றாலே மின்சாரம் என்று யாரோ முடிவுகட்டியதால் வந்த வினை அது. இன்ஜினில் சார்ஜ் என்பது சிலிண்டருக்குள் போகும் காற்றும் எரிபொருளும். டெஸ்லா தன் மின்னேற்ற நிலையங்களுக்கும் சூப்பர்சார்ஜர் என்றே பெயர் வைத்திருக்கிறது. மீமின்னூட்டியை அங்கே கொடுத்துவிடுங்கள், பொருந்தும். மீயூட்டி என்றால் ஊட்டிக்கு மேலே ஏதோ ஊர் மாதிரி இருக்கிறது.

மிகையூட்டியில்தான் உண்மையான சிக்கல். எதை மிகையாக ஊட்டுகிறது? படிப்பவர் பெட்ரோலை என்று நினைத்துக்கொள்வார். உங்கள் கட்டுரையோ பெட்ரோலைப் பற்றியது, குழப்பம் இரட்டிப்பாகும். அது தள்ளுவது காற்றை மட்டுமே. வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத் தெளிப்பது இன்ஜெக்டரின் வேலை. சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று. முழு விசையில் மிதித்தால் அது 12 பங்கு அளவுக்கு இறங்கும். கூடுதல் பெட்ரோல் எரிவதற்காக அல்ல, ஆவியாகி உள்சூட்டைத் தணிப்பதற்காக.

சூடுதான் ஆக்டேன் விஷயத்துக்கும் வேர். காற்றை அழுத்தினால் சூடாகும். ஏற்கெனவே சூடான கலவையைப் பிஸ்டன் மேலும் அழுத்தும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன் ஓரத்தில் இருப்பது தானே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். அதைத் தாங்கும் திறன்தான் ஆக்டேன் எண். அது பெட்ரோலின் 'சத்து' அல்ல.

ஜெனரல் மோட்டார்ஸின் 3.8 லிட்டர் வி6 நல்ல உதாரணம். 1990களின் இரண்டாம் வரிசையில் சூப்பர்சார்ஜர் இல்லாததற்கு அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 9.4, திறன் 205 குதிரைத்திறன், சாதாரண பெட்ரோலே போதும். சூப்பர்சார்ஜர் வைத்ததற்கு விகிதத்தை 8.5 ஆகக் குறைத்தார்கள், திறன் 240. விகிதத்தைக் குறைத்தும் பிரீமியம் பெட்ரோல்தான் போடச் சொன்னார்கள்.

எண்களில் கவனம். அமெரிக்க பம்பில் 91 என்பது இரண்டு சோதனை முறைகளின் சராசரி. இந்தியாவில் எழுதுவது ஆர்.ஓ.என். என்ற ஒரே முறையின் எண். அங்குள்ள 87 தோராயமாக இங்குள்ள 91. அமெரிக்கக் கையேட்டில் '91 போடவும்' என்றிருந்தால் இங்கே 95 தேட வேண்டும். இதை அப்படியே மொழிபெயர்த்து வைத்தால் யாராவது இன்ஜினைக் கெடுத்துக்கொள்வார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு 'காற்றுத்திணிப்பி'. என்ன போகிறது, எப்படிப் போகிறது, இரண்டும் சொல்லிலேயே இருக்கிறது. இயல்பாகக் காற்றை இழுக்கும் இன்ஜினைத் 'தன்மூச்சு இன்ஜின்' எனலாம்.

* * *

ஐயா, திணிப்பு என்றதும் நம் ஊரில் இந்தித் திணிப்புதான் நினைவுக்கு வரும். கார் விளம்பரத்தில் 'திணிப்பி பொருத்தியது' என்று எவனும் போடமாட்டான்! 'காற்றழுத்தி' போதாதா? மெர்சிடீஸ்கூட பல வருடம் காரின் பின்னால் 'கொம்ப்ரெஸ்ஸோர்', அதாவது கம்ப்ரஸர், என்றுதானே எழுதியது.

* * *

காற்றழுத்தி என்றால் பஞ்சர் கடை கம்ப்ரஸர்தான் கண்முன் நிற்கும். போதாததற்கு, ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் தனக்குள் காற்றை அழுத்துவதே இல்லை. வாரி வாரித் தள்ளும், அழுத்தம் வெளியே குழாயில்தான் சேரும்.

அந்த வகையை உருவாக்கிய ரூட்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கானர்ஸ்வில்காரர்கள். 1860இல் அவர்கள் காப்புரிமை வாங்கியபோது கார் என்ற பொருளே கிடையாது. அந்த யந்திரம் உலைகளுக்குக் காற்று ஊதவும் சுரங்கங்களுக்குக் காற்றோட்டம் தரவும் பயன்பட்டது. உலைக்குக் காற்று ஊதுவதற்கு நம்மிடம் கொல்லன் பட்டறைச் சொல் ஒன்று இருக்கிறதே. துருத்தி! இன்ஜினுக்குப் 'பொறி' என்ற சொல்லும் இருக்கிறது. அமெரிக்க ரேஸ்காரர்களும் இதை 'ஊதி' என்ற பொருளில்தான் பேச்சில் சொல்கிறார்கள். 'பொறித்துருத்தி' என்று வைத்தால் என்ன?

* * *

> 'பொறித்துருத்தி' என்று வைத்தால் என்ன?

அம்மா, என் திணிப்பியைத் திரும்பப் பெறுகிறேன். துருத்தி நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும்: டர்போவும் துருத்திதானே? ஆரம்பத்தில் அதையும் டர்போ சூப்பர்சார்ஜர் என்றுதான் சொன்னார்கள்.

* * *

ஆமாம். டர்போவை ஓட்டுவது வெளியேறும் புகை, இதை ஓட்டுவது இன்ஜின் தண்டு. ஆனால் டர்போ என்பது லாரி டிரைவர் வாயிலேயே பழகிவிட்டது, அதைத் தொட வேண்டாம். பொறித்துருத்தியைத் தண்டால் ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 'வார்த்துருத்தி' என்று பெல்ட்டைச் சேர்க்காதீர்கள், பல்சக்கரத்தால் ஓடுபவையும் உண்டு.

மைலேஜ் பகுதிக்கும் இந்த வேறுபாடு முக்கியம். தண்டு ஓட்டுகிறது என்றால் அதற்கான செலவு இன்ஜினின் சொந்தக் கணக்கில்தான். டாட்ஜ் ஹெல்கேட்டின் 707 குதிரைத்திறன் இன்ஜினில் துருத்தியைச் சுழற்ற மட்டும் 80 குதிரைத்திறன் போகிறது. ஆனால் அது முழு மிதியில். நிதானமாக ஓட்டும்போது ஒரு மாற்றுவழி வால்வு திறந்து காற்றைச் சுற்றிவிடும், துருத்தி ஏறத்தாழ சும்மா சுழலும். 2015 ஹெல்கேட் ஆட்டோமேட்டிக்குக்கு அமெரிக்க அரசின் அளவீடு நகரத்தில் காலனுக்கு 13 மைல் என்றாலும் நெடுஞ்சாலையில் 22. நம் கணக்கில் லிட்டருக்கு சுமார் 5.5, 9.4 கிலோமீட்டர். 'சூப்பர்சார்ஜர் வைத்தால் இத்தனை சதவீதம் குறையும்' என்று ஒரே எண்ணைத் தயவுசெய்து எழுதாதீர்கள். வலது காலைப் பொறுத்தது.

நேர்மாறான உதாரணமும் போடுங்கள். 2011இல் ஐரோப்பாவில் வந்த நிசான் மைக்ரா டிஐஜி-எஸ் சிக்கனத்துக்காகவே துருத்தி வைத்தது. 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், 98 குதிரைத்திறன். தேவையில்லாதபோது ஒரு கிளட்ச் துருத்தியைக் கழற்றிவிடும். ஐரோப்பாவுக்கான அந்தத் தலைமுறை மைக்ரா நம் ஒரகடத்தில் செய்யப்பட்டதுதான்.

* * *

எல்லோருக்கும் நன்றி. சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன்: "பொறித்துருத்தி உள்ள கார்களுக்கு, கையேடு சொல்லும் ஆக்டேன் எண்ணுக்குக் குறைந்த பெட்ரோல் போட வேண்டாம். போட்டால் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காக்கப் பார்க்கும், திறனும் மைலேஜும் குறையும்." தலைப்பில் மட்டும் முதல்முறை 'சூப்பர்சார்ஜர் என்னும் பொறித்துருத்தி' என்று போடுகிறேன். மைலேஜை மைலேஜாகவே விட்டுவிட்டேன். நாக்கிங்குக்கு 'எரிதட்டல்' சரிவருமா?

* * *

நாக்கிங்குக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி. அதில் எனக்கு நிறைய சண்டை இருக்கிறது.