அல்பத்துக்குத் தமிழ் என்ன: பேழையா, கோவையா, பத்தா?

ஆசிரியை, வெள்ளவத்தை:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் தேவைப்படுகிறது. என்னுடைய சனிக்கிழமை வகுப்பில் உயர்தரப் பிள்ளைகளிடம், மனதில் நின்ற பழைய அல்பம் ஒன்றைப் பற்றிச் சொந்த அபிப்பிராயம் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். றொக், நாட்டாரிசை, றாப் எதுவானாலும் சரி என்றேன். 11 கட்டுரைகள் வந்தன. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அடுக்கிப் பார்த்தால் 5 பேர் 'அல்பம்' என்கிறார்கள், 4 பேர் 'இசைப்பேழை', ஒருவன் 'இசைத்தொகுப்பு', ஒருத்தி 'இறுவட்டு'. அவள் எழுதியது 1971 அல்பம், அப்போது இறுவட்டு ஏது பிள்ளை என்று அவளிடம் மட்டும் சொல்லித் திருத்திவிட்டேன். மற்றவற்றை எப்படி ஒருமைப்படுத்துவது?

'இசைப்பேழை' என்று போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு மாணவன் பிங்க் புளொய்ட் என்ற றொக் குழுவின் 1973 ஆம் ஆண்டு அல்பத்தை, அதுதான் 'நிலவின் இருண்ட பக்கம்' என்ற பெயருடையது, எடுத்து எழுதியிருக்கிறான். இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது, நடுவில் ஒரு பாட்டை இடம் மாற்றினாலும் குலைந்துபோகும் என்பது அவன் வாதம். பேழைக்குள் எதையும் எப்படியும் போடலாமே. அவன் எழுதியதையே என் சொல் மறுத்துவிடும் போலிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை:

ரீச்சர், 'அல்பம்' என்றே விடுங்கள். அச்சுக்கு 4 நாள் இருக்கும்போது சொல் பிறக்காது. நம்முடைய பொப்பிசையைப் பாருங்கள். 'துள்ளிசை' என்ற அழகான சொல்லும் கூடவே இருந்தது, ஆனால் ஏ. ஈ. மனோகரனைப் பொப்பிசைப் பாடகர் என்றுதான் சனம் சொன்னது. வாசிக்கிற பிள்ளைக்கு விளங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தூய்மை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:

அல்பம் என்றால் அற்பம். வடமொழிச் சொல்லாக அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, சிறியது, இழிந்தது என்ற பொருளில். 'றாப் பாடகர் நாஸின் அல்பம்' என்று அச்சடித்தால் பழைய ஆட்கள் எப்படி வாசிப்பார்கள்? தமிழ்நாட்டார் 'ஆல்பம்' என்று நெடிலாக எழுதித் தப்பித்துக்கொண்டார்கள்.

மூலத்தைப் பார்ப்போம். இலத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. அறிவித்தல் எழுதும் வெள்ளைப் பலகைக்கு வந்த பெயர் வெற்றேட்டுக்கும், பிறகு படம் ஒட்டும் ஏட்டுக்கும் போனது. பீற்றில்ஸ் குழு 1968 இல் வெறும் வெள்ளை அட்டையோடு ஓர் இசைத்தட்டு வெளியிட்டதாக என் மருமகன் சொன்னான். அறிந்தோ அறியாமலோ அவர்கள் வேர்ச்சொல்லுக்கே போயிருக்கிறார்கள்! நம் யாப்பு நூல்களிலும் வெண்பாவுக்கு 'வெள்ளை' என்றே பெயர். வெண்பா செப்பலோசை, அகவல் அகவலோசை, ஆக வெள்ளை என்பது நமக்கும் ஓர் இசைப்பெயர்தான். இதை இன்னும் விரித்து நாளை எழுதுகிறேன்.

ரீச்சரின் மாணவன் கேட்பதற்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்திலேயே விடை உண்டு. செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று 4 ஆக வகுக்கிறது. தனித்து நிற்கும் ஒற்றைப் பாட்டு முத்தகம். பல பாட்டு ஒரே வினைகொண்டு முடிவது குளகம். பலவற்றைப் பொறுக்கிச் சேர்த்தது தொகைநிலை. ஒன்றோடொன்று தொடுத்துச் செல்வது தொடர்நிலை. அந்த இதயத்துடிப்பு அல்பம் தொடர்நிலை. அதிலும் முடிவு முதலைத் தொடுவதால் அந்தாதியைப் போல் மண்டலித்து முடிகிறது. ஆகவே 'பாடற்கோவை' என்பேன். கோத்தது கோவை. நூல் அறுந்தால் மணி சிதறும்.

மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை:

ஐயா, வகைப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் கோவை என்றால் கந்தோர்க் கோப்பு, இல்லாவிட்டால் தண்டனைச் சட்டக்கோவை. 20 வருடமாக நான் மொழிபெயர்ப்பது அதைத்தான். பாடற்கோவை என்றதும் எனக்கு முதலில் தோன்றியது பாட்டுக்களைத் தடைசெய்யும் சட்டம்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் இளைஞர், மட்டக்குளி:

மாஸ்ரர், முத்தகம், தொகைநிலை, தொடர்நிலை மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு காலம் எனக்குச் சொல் இல்லாமல் இருந்தது. தனிப்பாட்டாக வெளியிடுவது முத்தகம். பழைய வெற்றிப் பாட்டுக்களைச் சேர்த்து விற்பது தொகைநிலை. றாப் பாடகர் கென்ட்ரிக் லமார் 2015 இல் செய்த அல்பம் சுத்தமான தொடர்நிலை: பாட்டுக்களுக்கு இடையில் ஒரு கவிதை வரி வரியாக வளர்ந்துகொண்டே வந்து கடைசியில்தான் முழுதாகக் கேட்கும். 2017 இல் வெளியிட்டது இன்னும் விசேஷம். அதற்கு 2018 இல் புலிற்சர் பரிசு கிடைத்தது. அதே அல்பத்தைப் பாட்டு வரிசையைத் தலைகீழாக்கி அவரே மறுபடியும் வெளியிட்டார். இரண்டு பக்கமும் கதை நிற்கிறது.

என்னைக் கேட்டால் நாஸ் 1994 இல், 20 வயதில் செய்த 'இல்மற்றிக்'தான் முதலிடம். 40 நிமிடம், 10 பாட்டு, கழிக்க ஒன்றும் இல்லை. ரயில் சத்தத்தோடு தொடங்கும். நான் மட்டக்குளியில் இருந்து கேட்டாலும் அது எங்கள் மாடிக் குடியிருப்புப் போலவே இருக்கும். அதைப் பேழை என்று சொல்ல மனம் வருவதில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:

தம்பி, தலைகீழாக்குவது நமக்குப் புதிதல்ல. சம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடினார். 'யாமாமாநீ' என்று தொடங்குவதைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி வாசித்தாலும் அதுவே வரும். அவர் எழுத்தில் செய்ததை இவர் பாட்டில் செய்திருக்கிறார்.

10 பாட்டு என்றீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. பதிற்றுப்பத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு புலவர், ஒரு அரசன், 10 பாட்டு, அது ஒரு 'பத்து'. ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் உள்ளிருந்தே எடுத்த தலைப்பு உண்டு, 'புண்ணுமிழ் குருதி' என்பது போல. கீழே துறை, வண்ணம், தூக்கு என்று பொருளையும் ஓசையையும் சொல்லும் குறிப்பும் உண்டு. இன்று இசைத்தட்டு உறையில் அச்சிடுவது இதைத்தானே? நான்காம் பத்து அந்தாதியாகவே தொடுக்கப்பட்டிருக்கிறது. 'இசைப்பத்து' என்று வைப்போம். கோவையை நான் விட்டுவிடுகிறேன்.

ஆசிரியை, வெள்ளவத்தை:

மாஸ்ரர், இதைப் படித்ததும் கட்டுரைகளை எடுத்து எண்ணினேன். பாடகி ஜோனி மிற்செலின் 1971 அல்பமான 'நீலம்' 10 பாட்டு, இல்மற்றிக் 10 பாட்டு. நெஞ்சு படபடத்தது. பிறகு பொப் டிலன் 1965 இல் செய்த நெடுஞ்சாலை அல்பத்தில் 9 தான், பீற்றில்ஸின் வெள்ளை அட்டையில் 30. சொல் அழகாக இருக்கிறது, எண்ணிக்கை இடம் தரவில்லை.

இல்லத்தரசி, கல்கிசை:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். 'நீலம்' என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த அல்பம் என்னிடம் ஒலிநாடாவாக இருந்தது. புறக்கோட்டையில் ஒரு கடையில் பதிவு செய்து வாங்கியது. அவர்கள் இரண்டாம் பக்கத்தை முதல் பக்கமாகப் பதிந்துவிட்டார்கள், எனக்கு அது தெரியாது. பல வருடங்களாக எனக்கு அது கலிபோர்னியாவுக்குத் திரும்ப ஏங்கும் பாட்டில் தொடங்கி, 'நீலம்' என்ற பாட்டில் முடிகிற ஒன்று. ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டவள், கடைசியில் பியானோவுக்கு முன்னால் தனியாக இருக்கிறாள். அந்த நாட்களில் என் நிலையும் அதுதான். பிறகு சரியான வரிசையில் கேட்டபோது நடு வழியில் 'நீலம்' வந்து, அதற்குப் பின்னும் 5 பாட்டு இருந்தது. நல்லதுதான். ஆனால் நான் அழுதது பழைய வரிசைக்கு.

வரிசை குலைந்தும் அது எனக்கு முழுதாகவே இருந்தது. அதனால் எனக்குப் பேழை என்ற சொல் பிடிக்கும். பேழை என்றால் பெறுமதியானதை வைத்து மூடுகிற பெட்டி. கண்டதையெல்லாம் போடும் சாக்கு அல்ல.

மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை:

அக்கா எழுதியதற்குப் பிறகு அல்பத்துக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும். நிமிடத்துக்கு 78 தரம் சுழலும் பழைய இசைத்தட்டு ஒரு பக்கத்தில் 3 நிமிடமளவில்தான் ஓடும். நீண்ட ஆக்கமென்றால் பல தட்டுக்களை உறைகளில் வைத்து, படம் ஒட்டும் ஏடு போலக் கட்டி விற்றார்கள். பெயர் அங்கிருந்துதான் வந்தது. 1948 இல் நீண்டநேரத் தட்டு வந்து எல்லாம் ஒன்றிலேயே அடங்கியபிறகும் பெயர் நின்றுவிட்டது. அங்கேயும் கட்டிவைத்த பொதியின் பெயர்தான் இசைக்குப் போயிருக்கிறது. அந்த அளவில் பேழை பிழையில்லை.

இளைஞர், மட்டக்குளி:

அக்கா, உங்கள் நாடாவில் இருந்ததும் ஒரு வரிசைதானே? கடைக்காரர் தெரியாமல் செய்தார், ஆனால் நீங்கள் ஒவ்வொரு முறையும் அதே ஒழுங்கில்தான் கேட்டிருக்கிறீர்கள். வரிசை மாறி மாறி வந்திருந்தால் அப்படி மனதில் நின்றிருக்காது. இன்று கைத்தொலைபேசியில் பாட்டுக்களைக் கலைத்துப்போட்டுக் கேட்கிறோம். அதுதான் பேழை. என் வாக்கு 'தொடர்நிலை'க்கு. லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. தன் தாயின் பெயரில் 2007 இல் வெளியிட்ட 'கலா'வைப் பற்றி யாரும் எழுதினார்களா? அதையும் பேழை என்றா போடப் போகிறீர்கள்?

ஆசிரியை, வெள்ளவத்தை:

எழுதியிருக்கிறாள் தம்பி, நல்ல கட்டுரை.

நாளை காலை அச்சகம். இங்கே எழுதியவர்களையும் தனியாகச் சொன்னவர்களையும் சேர்த்து, இசைப்பேழைக்கு 6 பேர், அல்பத்துக்கு 3 பேர், தொடர்நிலைக்கு 2 பேர், இசைப்பத்துக்கு ஒருவர். அட்டையிலும் தலைப்புகளிலும் 'இசைப்பேழை' என்று போகிறேன். பிங்க் புளொய்ட் கட்டுரையை எழுதியவன் சம்மதிக்கவில்லை. அவன் கட்டுரையில் மட்டும் 'தொடர்நிலை இசைப்பேழை' என்று வரும். முதல் பக்கத்தில் அதற்கு 2 வரி விளக்கம் கொடுத்திருக்கிறான், தண்டியலங்காரத்தைச் சொல்லி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:

அச்சுக்குப் போகட்டும். 'இசைப்பத்து' என்ற என் கருத்தில் மாற்றமில்லை. 9 என்றாலும் 30 என்றாலும் பத்து என்று சொல்லலாம். பதிகம் என்ற பெயரும் பத்தால் வந்ததுதான், ஆனால் தேவாரப் பதிகங்கள் பலவற்றில் 11 பாட்டு உண்டு, ஒருவரும் பெயரை மாற்றவில்லை. ரீச்சர் இதை அடுத்த பதிப்பில் யோசிக்க வேண்டும்.

கல்கிசைத் தங்கச்சி, இங்கே பேசிய அல்பங்களில் ஒன்றையும் நான் முதலிலிருந்து கடைசிவரை கேட்டதில்லை. அந்த ஒலிநாடா இன்னும் ஓடுமென்றால் ஒரு கிழமைக்குத் தாருங்கள். என்னிடம் பழைய ஒலிநாடாப் பெட்டி இருக்கிறது. புறக்கோட்டை வரிசையிலேயே கேட்கிறேன்.