ஓட்டோ லிலியென்தாலின் மரணத்துக்குக் காரணம் அவருடைய கணக்குகளா, கட்டுப்பாட்டு முறையா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ரைட் சகோதரர்களுக்கு முன்பே, இயந்திரமில்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் ஊர்தியான கிளைடரில் பறந்து காட்டிய ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ லிலியென்தாலைப் பற்றிப் படித்துவருகிறேன். படித்தவற்றில் இரண்டு கருத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இறக்கையை மேலே தாங்கும் விசையான தூக்குவிசையைக் கணக்கிட அவர் தொகுத்த அட்டவணை பிழையானது என்றும், ரைட் சகோதரர்கள் அதை நம்பித் தடுமாறிய பிறகே தாங்களாக அளக்கத் தொடங்கினார்கள் என்றும் சிலர் எழுதுகிறார்கள். வேறு சிலரோ அட்டவணை பெரும்பாலும் சரியானதுதான் என்கிறார்கள். அட்டவணை சரியென்றால், ஏறத்தாழ 2000 முறை பறந்து பழகிய ஒருவர் 1896 ஆகஸ்டில் ஏன் விழுந்தார்? அந்த கிளைடரை அவர் எப்படித்தான் திருப்பினார், சமநிலைப்படுத்தினார்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விபத்துக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

லிலியென்தால் 1848 மே 23 அன்று வடஜெர்மனியின் அங்க்ளாம் நகரில் பிறந்தார். தம்பி குஸ்டாவுடன் சிறுவயதிலேயே நாரைகளின் பறத்தலைக் கவனித்தவர், பெர்லினில் இயந்திரப் பொறியியல் பயின்று, நீராவிக் கொதிகலன்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றைச் சொந்தமாக நடத்தினார். அந்தத் தொழிலின் வருமானமே அவருடைய ஆராய்ச்சிக்கு முதலானது. 1891-இல் பாட்ஸ்டாம் அருகேயுள்ள டெர்விட்ஸில் சுமார் 25 மீட்டர் தொலைவு சறுக்கிப் பறந்தார். 1894-இல் பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டேயில் 15 மீட்டர் உயரத்துக்குக் கூம்பு வடிவில் ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பினார். காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் அதை எதிர்கொண்டு ஓடிப் புறப்பட அந்த வடிவம் வசதியாக இருந்தது. கிளைடர்களை வைக்கும் கொட்டகையும் குன்றின் உச்சியிலேயே அமைந்திருந்தது. அதைவிட நீண்ட பறத்தல்களுக்கு ரினோ மலைப்பகுதிக்குச் சென்றார். அங்கே 250 மீட்டர் வரை எட்டினார்.

அவர் மிகுதியாகப் பயன்படுத்தியதும், பிறருக்கு விற்றதுமான ஒற்றை இறக்கை கிளைடர் ஏறத்தாழ 20 கிலோ எடையும் 13 சதுர மீட்டர் பரப்பும் கொண்டது. வில்லோ மரக் கொம்புகளும் மூங்கிலும் சட்டமாக, அதன்மேல் பருத்தித் துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வௌவாலின் சிறகைப் போல இறக்கைகளை மடக்கிக்கொள்ளலாம். முன்கைகளைச் சட்டத்தின் பட்டைகளுக்குள் நுழைத்துக் கம்பைப் பற்றிக்கொள்வார். இடுப்புக்குக் கீழே உடல் காற்றில் தொங்கும். திருப்புவதற்கென்று விமானி இயக்கும் சுக்கானோ நெம்புகோலோ அதில் கிடையாது. இடப்பக்க இறக்கை எழும்பினால் கால்களை இடப்புறம் வீசுவார். மூக்கு மேலெழுந்தால் கால்களை முன்னால் வீசுவார். உடலின் எடையை நகர்த்தி ஈர்ப்பு மையத்தை மாற்றுவதே முழுக் கட்டுப்பாடும்.

இன்றைய ஹேங் கிளைடர் விமானி பட்டைகளில் தொங்கிக்கொண்டு தம் முழு உடலையும் முன்னும் பின்னும் நகர்த்துகிறார். லிலியென்தாலின் தோள்களும் மார்பும் சட்டத்தோடு பிணைந்திருந்ததால், நகர்த்தக் கிடைத்தது கால்களின் எடை மட்டுமே. இதுவே அவருடைய ஊர்தியின் உண்மையான குறை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். 1896 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டோல்ன் ஊரருகே கோலன்பெர்க் குன்றிலிருந்து பறந்தபோது திடீரென எழுந்த காற்று கிளைடரின் மூக்கை மேலே தூக்கியது. வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழந்தது. கால்களை முன்னால் வீசிப் பார்த்தும் மீட்க முடியாமல் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்த நிலையில் பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மறுநாள் இறந்தார். வயது 48.

மறுமொழி 2

அட்டவணையைப் பற்றி நான் எழுதுகிறேன். அவர்மீது சுமத்தப்படும் இந்தப் பழி நியாயமற்றது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பறவைகளின் பறத்தலை அடிப்படையாகக் கொண்டு 1889-இல் அவர் வெளியிட்ட நூலில், சுழலும் கரத்தின் நுனியில் பொருத்திய தட்டுகளைக் கொண்டு பல ஆண்டுகளாகச் செய்த அளவீடுகள் இருந்தன. தட்டையான பரப்பைவிட மென்மையாக வளைந்த பரப்பு மிகுந்த தூக்குவிசை தருகிறது என்பதை எண்களால் நிறுவியதே அந்நூலின் பெருமை. ஒவ்வொரு கோணத்திலும் தூக்குவிசையையும், காற்று எதிர்த்துப் பின்னிழுக்கும் பின்னிழுவிசையையும் ஒரே வரைபடத்தில் குறித்துக் காட்டும் முறையும் அதில் உண்டு. வடிவம் சற்று மாறினாலும் பொறியாளர்கள் அம்முறையை இன்றும் கைவிடவில்லை.

அவருடைய அட்டவணை தருவது விகிதங்களை மட்டுமே. காற்றுக்குச் செங்குத்தாக நிற்கும் தட்டையான பரப்பின்மீது விழும் விசையோடு ஒப்பிட்டால், வளைந்த இறக்கை இந்தக் கோணத்தில் இத்தனை பங்கு விசை பெறும் என்று அது சொல்லும். அதை உண்மையான எடையாக மாற்ற இன்னொரு கெழு, அதாவது பெருக்கிக்கொள்ள வேண்டிய மாறா எண், தேவை. 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டனின் பெயரால் வழங்கிய 0.005 என்ற மதிப்பை ரைட் சகோதரர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையான மதிப்பு ஏறத்தாழ 0.0033 என்பதைப் பின்னர் அவர்களே கண்டறிந்தார்கள். போதாததற்கு, லிலியென்தால் அளந்தது நீண்டு ஒடுங்கிய இறக்கை வடிவத்தை. 1901-இல் ரைட் சகோதரர்கள் கட்டிய இறக்கையோ நீளத்தில் 22 அடி, அகலத்தில் 7 அடி என்ற குட்டையான வடிவம். ஒரு வடிவத்தின் அளவீட்டை இன்னொரு வடிவத்துக்குப் பொருத்தினால் விடை பிசகத்தான் செய்யும். கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்கு தூக்குவிசையே கிடைத்தபோது அவர்கள் அட்டவணையைச் சந்தேகித்தது இயல்பே. ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் தங்கள் ஊரான அமெரிக்காவின் டேட்டனில் தாங்கள் கட்டிய சிறு காற்றுச் சுரங்கத்தில் (காற்றைச் செலுத்தி இறக்கை வடிவங்களைச் சோதிக்கும் பெட்டி) லிலியென்தாலின் வடிவத்தையும் வைத்துச் சோதித்ததும், அவருடைய எண்கள் உண்மைக்கு நெருக்கமாக இருப்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கெழுவையும் விகிதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிறது. இத்தனை தெளிவாக அளந்தவர், சுக்கானைப் போன்ற கட்டுப்பாட்டுக்கு நகராமல் இயந்திரத்தால் சிறகடிக்கும் ஊர்தியில் காலத்தைச் செலவிட்டது ஏன்? மேலும், அவருடைய அசல் கிளைடர்கள் எங்கேனும் எஞ்சியுள்ளனவா?

மறுமொழி 3

சிறகடிக்கும் ஊர்தியை நான் அவருடைய பிடிவாதமாகவே பார்க்கிறேன். கரியமில வாயுவால் இயங்கும் சிறிய இயந்திரம் ஒன்றைப் பொருத்தி, இறக்கைகளின் நுனிப்பகுதிகளை அடிக்கவைக்க முயன்றார். இறுதி ஆண்டிலும் அவ்வகையில் இரண்டாவது ஊர்தியைக் கட்டினார். இரண்டாலும் பயன் விளையவில்லை. பறவையிடமிருந்து வளைவைக் கற்றவர், உந்துவிசைக்கும் அதே பறவையை நம்பினார். எனினும் 1895-இல் அவர் கட்டிய ஈரிறக்கை கிளைடர்கள், கட்டுப்பாட்டுச் சிக்கலை அவர் நன்றாக உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று: இறக்கையை அகலவாக்கில் நீட்டினால் கால்வீச்சுக்கு அடங்காது என்பதால்தான் பரப்பை இரண்டு அடுக்காக்கினார்.

மறுமொழி 1-இல் சொன்ன குறையை மறுக்கவில்லை. ஆனால் ஊர்தியே நிலையற்றது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. 2016-இல் ஜெர்மன் விண்வெளி மையத்தினர் அவருடைய ஒற்றை இறக்கை கிளைடரின் துல்லியமான நகலைப் பெரிய காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, முன்பின் சாய்விலும் பக்கவாட்டுச் சாய்விலும் அது நிலைத்தன்மை உடையது என்று கண்டார்கள். மிதமான உயரத்தில் பாதுகாப்பாகப் பறக்கத் தக்கதே அது. அனுபவத்தையும் சரியாக எடைபோட வேண்டும். ஐந்து ஆண்டுகளில் லிலியென்தால் உண்மையில் காற்றில் இருந்த நேரம் மொத்தம் ஐந்து மணிநேரம் மட்டுமே என்று 1901-இல் சிகாகோவில் ஆற்றிய உரையில் வில்பர் ரைட் சுட்டிக்காட்டினார். 2000 பறத்தல்கள் என்ற எண்ணிக்கை நம்மை மயக்கிவிடுகிறது. ஒவ்வொன்றும் சில நொடிகளே நீடித்தது. மூக்கு எழும்பி வேகம் இழக்கும் அந்தக் கணத்தைக் கையாளப் பழகுவதற்கு அவருக்குக் கிடைத்த நேரம் மிகமிகக் குறைவு.

அவர் விற்ற கிளைடர்களுள் ஒன்றை ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி வாங்கினார். அது மாஸ்கோவில் உள்ளது. அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் 1896-இல் வாங்கிய கிளைடர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் ஓர் அசல் உண்டு. எல்லா வகைகளின் நகல்களையும் ஒருசேரப் பார்க்க விரும்பினால் அங்க்ளாமில் அவர் பெயரால் அமைந்துள்ள அருங்காட்சியகமே ஏற்ற இடம்.