சமைக்கப் பிடிக்கும், பரிமாறத்தான் பயமாக இருக்கிறது

அடுப்படி ஆள்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இப்போதுதான்.

எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. மனைவிக்கு வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும், எனக்கு வீட்டிலிருந்தே வேலை. யாரும் என் தலையில் கட்டவில்லை, ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டதுதான். சின்னத் தீயில் வெங்காயம் நிதானமாக வதங்குகிற வாசனை, தீட்டிய கத்தியில் கேரட் நறுக்கும்போது வருகிற சத்தம், இதெல்லாம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

சிக்கல் மேசைக்கு வந்த பிறகுதான். மூத்தவளுக்கு ஏழு வயது. சாதம், தயிர், உருளைக்கிழங்கு, ரொட்டி, தோல் சீவிய ஆப்பிள், இவ்வளவுதான் அவள் உலகம். எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும், ஒன்றோடு ஒன்று ஒட்டக்கூடாது. பச்சையாக ஒரு துணுக்கு கண்ணில் பட்டால் அந்தத் தட்டே வேண்டாம். சின்னவனுக்கு மூன்று வயது. முந்தாநாள் அள்ளி அள்ளித் தின்ற பட்டாணியை இன்று ஏதோ விஷம் வைத்த மாதிரி பார்க்கிறான். கூடவே மாமனார் இருக்கிறார். பல்செட், கொஞ்சம் ரத்த அழுத்தம். எதை வைத்தாலும் "சப்பென்று இருக்கே மாப்பிள்ளை" என்பார். அன்பாகத்தான் சொல்வார். ஆனால் தினமும் சொல்வார்.

ஆகவே ராத்திரிக்கு மூன்று விதமாகச் சமைக்கிறேன். சாயங்காலம் நெருங்கினாலே வயிற்றைக் கலக்குகிறது. நான் வைக்கிற ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மூன்று பேர் மதிப்பெண் போடுகிறார்கள், மூன்று பேரிடமும் ஃபெயில். மனைவி "விடுங்க, பசிச்சா தானா சாப்பிடுவாங்க" என்கிறாள். அவளுக்கென்ன, அவள் தட்டு காலியாகிவிடும்.

கேட்க நினைப்பது: எல்லாருக்கும் ஒரே சமையல் என்பது நடக்கிற காரியமா? காயை அரைத்து ஒளித்துக் கொடுப்பது சரியா? உப்பைக் கூட்டாமல் பெரியவருக்கு எப்படி ருசி கொண்டுவருவது? உடம்பில் தெம்பே இல்லாத நாளில் சத்தாக எதைச் செய்வது?

கரண்டிக்காரி:

அண்ணா, மூன்று சமையலை இன்றோடு நிறுத்துங்கள். ஒரே சமையல், ஆனால் கலக்காமல் வையுங்கள்.

சாதம் ஒரு பாத்திரம். கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு பாத்திரம். வறுத்த கேரட் தனியாக, வேகவைத்த முட்டை தனியாக, தயிர் தனியாக. தாளிப்பும் காரமும் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஓரமாக இருக்கட்டும், வேண்டியவர்கள் மேலே ஊற்றிக்கொள்ளலாம். உங்கள் மகள் சாதமும் தயிரும் மட்டும் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். மேசையில் அவளுக்கு நிச்சயம் பிடித்த ஒன்றாவது தினமும் இருக்க வேண்டும், அது மட்டும் உங்கள் கடமை. அவளுக்கென்று தனியாக அடுப்பு பற்றவைப்பது உங்கள் கடமை இல்லை.

எலின் சாட்டர் என்று அமெரிக்காவில் ஒரு உணவியல் நிபுணர், குடும்ப ஆலோசகரும்கூட. அவர் வகுத்த வேலைப் பிரிவினை எங்கள் வீட்டில் நிறையச் சண்டையை ஓய்த்தது. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் முடிவு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. அவ்வளவுதான். கேட்க எளிது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவதும், "சாப்பிட்டால் சமர்த்து" என்று கொஞ்சுவதும் இரண்டுமே அழுத்தம்தான்.

சின்னவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டிலிருந்து ஆறு வயது வரை புது உணவைக் கண்டு மிரள்வது குழந்தைகளிடம் ரொம்பச் சாதாரணம். பசியும் அப்போது குறைவுதான். பிறந்த எடை ஒரு வயதுக்குள் மூன்று மடங்காகும், இரண்டு வயதுக்குப் பிறகு வருஷத்துக்கு 2, 3 கிலோதான் ஏறும். அந்த வேகம் குறையும்போது தட்டில் மிச்சம் விழத்தான் செய்யும். பட்டாணியை ஒதுக்கினால் அடுத்த வாரம் நாலே நாலு மணி வையுங்கள், பேச்சே எடுக்காதீர்கள். புது உணவு ஒன்று பழக 8 முதல் 15 முறை வரை கண்ணில் படவேண்டியிருக்கும் என்கிறார்கள். பல பேர் மூன்றாவது முறையிலேயே கைகழுவிவிடுகிறோம்.

வெண்ணிறத் தாடி பாட்டி:

(பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பேரன் வைத்தது.)

தம்பி, எல்லாரும் குழந்தைகளையே பார்ப்பார்கள், நான் உன் மாமனார் கட்சி. எனக்கும் மேலே கீழே பல்செட்தான்.

மேல் செட் அண்ணத்தை மூடிவிடும். வாயில் போட்டது சூடா, மொறுமொறுப்பா, வழவழப்பா என்பதே பாதிதான் தெரியும். வயசானால் மூக்கும் மந்தம், நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கு செய்கிற வேலை. சில மாத்திரைகள் வாயை வேறு வறள வைத்துவிடும். அவர் சப்பென்று இருக்கிறது என்று சொன்னால் அவர் நாக்குக்கு நிஜமாகவே அப்படித்தான். உன் கைப்பக்குவத்தைக் குறை சொல்லவில்லை. அதை மட்டும் முதலில் மனசில் வாங்கிக்கொள்.

உப்பில் கை வைக்காதே. பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம், ரொட்டியிலும் ஊறுகாயிலும் ஒளிந்திருப்பதையும் சேர்த்து. புளிப்பைக் கூட்டு. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழி, கொதிக்கும்போது பிழிந்தால் மணம் போய்விடும். சீரகத்தையும் மிளகையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்து ஒரு டப்பாவில் போட்டு அவர் பக்கத்திலேயே வைத்துவிடு. பூண்டைத் தட்டி எண்ணெயில் பொன்னிறமாக்கி மேலே ஊற்று. சாப்பாடு ஆவி பறக்க வரட்டும், ஆவியோடுதான் வாசனை ஏறும். உப்புக்குப் பதில் என்று விற்கிற பொட்டாசியம் உப்பை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதே. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து.

இன்னொன்று. மென்மையாக வேண்டும் என்பதற்காகக் கூழாக்கிக் கொடுக்காதே. எனக்கு அதைப் பார்த்தாலே பசி ஓடிவிடும். நன்றாக வெந்த மீன், முட்டை, கெட்டிப் பருப்பு, குழையாத பூசணி, இதெல்லாம் பல்செட்டுக்கு நல்லதுதான், புரதமும் கிடைக்கும். வயசானவர்கள் ரொட்டியும் டீயுமாகவே நாளை ஓட்டிவிடுவோம், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். செட் ஆடுகிறதா என்றும் ஒருமுறை கேட்டுப் பார். வலியைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கறி நார் நாராக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி ஒதுக்குவோம்.

சமையல் வெறுப்போன்:

பிடிக்கும், ரசனை, வெங்காய வாசனை... வாழ்த்துகள். எனக்குச் சமையல் சுத்தமாகப் பிடிக்காது. பிடிக்காமலே இரண்டு பிள்ளைகளை வளர்த்தாகிவிட்டது, இரண்டும் உயரமாக நிற்கின்றன. சமையலை ரசித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ரசிக்கிறவர்தான் நிராகரிப்பில் அதிகம் நொறுங்குவார் என்று எனக்குத் தோன்றும். நான் வைத்ததை யார் ஒதுக்கினாலும் எனக்கு ஒரு மயிரிழை வருத்தமும் வந்ததில்லை.

தெம்பில்லாத நாளுக்கு என் வழி: ஃப்ரீசர் பட்டாணி, முட்டை, முந்தைய நாள் சாதம், பதினைந்து நிமிஷம். ஃப்ரீசர் காய் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பறித்தவுடன் லேசாக வெந்நீர் காட்டி உறையவைப்பதால் சத்து பெரும்பாலும் நிற்கும், சந்தையில் நாலு நாள் வாடிய காயைவிட மேல். டப்பாவில் வருகிற கொண்டைக்கடலையை அலசி, தக்காளியும் பூண்டும் போட்டுப் புரட்டினால் அது ஒரு சாப்பாடு. ராஜ்மாவும் டப்பாவாகவே வாங்கலாம். காய்ந்ததை வாங்கினால் ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகுதான் மிதமான தீ. அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும், அதிலிருக்கும் ஒரு நச்சு அப்படி.

பழைய சாதத்திலும் ஜாக்கிரதை. சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது பொய். சாதத்தில் பிழைத்திருக்கும் ஒரு பாக்டீரியா வெளியே வைத்த நேரத்தில் பெருகி நச்சை விடும், அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. பரத்தி ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் தள்ளுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

பசிக்கும் நேரத்தில்:

நான் உணவியல் துறையில் இருக்கிறேன். ஒளித்துக் கொடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அரைத்துச் சேர்ப்பது பாவமில்லை, சத்து உள்ளே போகிறது. ஆனால் பூசணியை அரைத்து ரொட்டி மாவில் கலந்தால் குழந்தை ரொட்டி தின்னத்தான் பழகும், பூசணியைப் பழகாது. அதனால் அரைத்ததோடு அதே காய் முழு உருவத்தில் மேசையிலும் இருக்கட்டும். கேட்டால் பொய் சொல்லாமல் இருந்தால் போதும். முக்கியமாக, உங்கள் மகளின் நம்பிக்கைக்குரிய வெள்ளைப் பட்டியலில் மட்டும் எதையும் ஒளிக்காதீர்கள். தயிரில் ஏதோ இருக்கிறது என்று ஒருமுறை கண்டுபிடித்தால் தயிரும் போய்விடும். ஐந்து உணவுகள் நான்காகும்.

அவளுக்கு வேறு பாதை. தெரிந்ததிலிருந்து பக்கத்தில் இருப்பதற்கு ஒரு சின்ன அடி. ஆப்பிளிலிருந்து பேரிக்காய். உருளைக்கிழங்கு வறுவலிலிருந்து அதே வடிவத்தில் வறுத்த காலிபிளவர், அதுவும் வெள்ளைதான். பழகிய பிறகு வெளிர்மஞ்சள் சர்க்கரைவள்ளி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், நிறமோ வடிவமோ. தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தாள் என்றாலும் அது முன்னேற்றம்தான். கழுவ, உரிக்க, கிண்ணத்தில் போட அவளையே கூப்பிடுங்கள், தின்னச் சொல்லாமல்.

கசப்பை எல்லாரும் ஒரே அளவில் உணர்வதில்லை என்பதையும் மறக்காதீர்கள். 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியோடு வேலை செய்துகொண்டிருந்தபோது அது காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த வேறுபாடு பெரும்பாலும் மரபணு வழி வருவது என்று பிறகு தெரிந்தது. முட்டைக்கோஸ் குடும்பக் காய்களிலும் அந்தக் கசப்புக்கு உறவுக்காரப் பொருள்கள் உண்டு. உங்கள் நாக்குக்கு இனிப்பது அவள் நாக்குக்குக் கசக்கலாம்.

"காய் தின்றால் இனிப்பு" என்ற பேரம் வேண்டாம். இனிப்பின் மதிப்பு ஏறும், காயின் மதிப்பு இறங்கும். சின்னவனுக்குப் பால் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், வயிறு அதிலேயே நிறையும், இரும்புச்சத்தும் குறையும். முழு நிலக்கடலை, முந்திரியும் ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். அரைத்துத் தடவலாம். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்.

எடை குறைகிறது, விழுங்கும்போது திணறுகிறாள், முன்பு தின்றவை ஒவ்வொன்றாகப் போய்த் திரும்பவே இல்லை என்றால் பிடிவாதம் என்று விடாதீர்கள். சாப்பாட்டைத் தவிர்க்கும் கோளாறு ஒன்று 2013இலிருந்து மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனிப் பெயரோடு இருக்கிறது. ஐந்தாறு உணவோடு நிற்கும் ஏழு வயதுக் குழந்தையை ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டி, உயரம், எடை, இரும்புச்சத்து பார்த்துவிடுவது நல்லது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

அடுப்படி ஆள்:

எல்லாருக்கும் நன்றி. பாட்டி, நீங்கள் எழுதியதை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். கீழ் செட் ஆடுகிறதாம். எத்தனை நாளாக என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது, மகளுக்குக் குழந்தை மருத்துவரிடமும் வாங்கியிருக்கிறேன்.

வெறுப்போன், உங்களை மறுக்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. நீங்கள் சொன்ன நொறுங்குவது நடக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வெங்காயத்தை விடமாட்டேன்.

கரண்டிக்காரி, ஒரு சந்தேகம். கிண்ணம் கிண்ணமாக வைத்தால் சின்னவன் எல்லாவற்றிலும் கையை விடுவான். பிறகு மகள் எதையும் தொடமாட்டாள். இன்னொன்று, காலிபிளவரை ஓவனில் வைத்தால் எனக்கு வெளியே கருகுகிறது, உள்ளே சொதசொதவென்று இருக்கிறது.

கரண்டிக்காரி:

சின்னவனுக்குத் தனித் தட்டில் எல்லாவற்றிலும் ஒரு துளி முன்கூட்டியே வைத்து, பொதுக் கிண்ணங்களை அவன் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்துங்கள். மகளுக்கு அவளுடைய கரண்டி, வேறு யாரும் தொடக்கூடாது என்று அறிவித்துவிடுங்கள். அந்த உரிமை அவளுக்குப் பிடிக்கும்.

காலிபிளவரை நறுக்கிக் கழுவியதும் துணியில் ஒற்றி நன்றாக உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் வறுபடாது, ஆவியில் வேகும். பூக்கள் எல்லாம் ஒரே அளவு. எண்ணெய் புரட்டி, ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, 200 டிகிரியில் 20, 25 நிமிஷம், பாதியில் ஒருமுறை திருப்புங்கள். தட்டில் இடம் போதவில்லை என்றால் இரண்டு தட்டாக வையுங்கள், குவிக்க வேண்டாம். ஓவன் முழுச் சூடு ஏறிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். மகளுக்கு எடுக்கும்போது லேசாகப் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள், நன்றாகச் சிவந்தது மாமனாருக்கு.

வெண்ணிறத் தாடி பாட்டி:

மாமனாருக்குக் காம்பை நீக்கிவிட்டுக் கொடு தம்பி, அது மெல்ல வராது. செட் சரியாகும்வரை எலுமிச்சை அதிகம் வேண்டாம், ஈறு புண்ணாக இருந்தால் சுள்ளென்று பிடிக்கும்.