ஆலையே இல்லாத ஆர்க்டிக்கில் பனிக்கரடி உடம்பில் நஞ்சு எங்கிருந்து வந்தது?

கேள்விக்கொக்கி:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பனிக்கரடி பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி போட்டு ஒரு கரடியைச் சாய்த்துவிட்டு, பின்பக்கத் தோலுக்கு அடியிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு துண்டு கொழுப்பை எடுத்துக் குப்பியில் போட்டார்கள். இரண்டு குட்டிகள், எங்கே போவது என்று தெரியாமல் அம்மா மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தன. அப்புறம் அந்தக் கொழுப்பில் பி.சி.பி என்ற ஆலை ரசாயனம், பழைய பூச்சிக்கொல்லி எல்லாம் இருக்கிறது, முடியில் பாதரசம் இருக்கிறது என்றார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். அங்கே ஆலை கிடையாது, வயல் கிடையாது, மருந்து அடிக்க உருப்படியாக ஒரு செடிகூட இல்லை. யார் கொண்டுபோய்க் கொட்டினார்கள்? பி.சி.பி-க்குத் தடை வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதே, இன்னும் ஏன் போகவில்லை? இன்னொன்று, பனி உருகுவது ஒரு கதை, நஞ்சு வேறொரு கதை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். படத்தில் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள், எப்படிச் சேர்கிறது என்று சொல்லாமலே படம் முடிந்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

வாடைக்காற்று:
யாரும் கொண்டுபோய்க் கொட்டவில்லை, பெரும்பாலும் தானாகவே போய்ச் சேர்ந்தது. பனிப்போர்க் காலத்து ராடார் நிலையங்களில் விட்டுப்போன கழிவு மாதிரி உள்ளூர்க் கணக்கும் கொஞ்சம் உண்டு, ஆனால் அது சிறு பங்குதான்.

பி.சி.பி, டி.டி.டி வகை ரசாயனங்கள் வெயில் பட்டால் மெல்ல ஆவியாகும், குளிர்ந்தால் இறங்கிப் படியும். மறுபடி சூடானால் மறுபடி கிளம்பும். காற்றோடு இப்படித் தத்தித் தத்தி வடக்கே போவதால் ஆய்வாளர்களே இதை வெட்டுக்கிளி விளைவு என்கிறார்கள். தத்தித் தத்தி கடைசியில் ஆர்க்டிக்குக்கு வந்துவிட்டால் மறுபடி எழும்பப் போதிய வெப்பம் கிடையாது, சிதைப்பதற்கான வெயிலும் நுண்ணுயிரும் அங்கே சோம்பேறிகள். வந்தது வந்ததுதான். கடல் நீரோட்டங்கள் தனியே ஒரு பங்கைக் கொண்டுவருகின்றன, அது இன்னும் நிதானமான பயணம்.

அடுத்தது கொழுப்பு. இந்த நஞ்சு தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆர்க்டிக் வாழ்க்கையோ முழுக்க முழுக்கக் கொழுப்புக் கணக்கு. பனிக்கு அடியில் வளரும் பாசியைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவை உயிரிகள் தின்கின்றன, அவற்றை ஆர்க்டிக் காட் மீன், மீனை வளையச் சீல், சீலைப் பனிக்கரடி. ஒவ்வொரு படியிலும் தின்றதில் பெரும்பகுதி எரிந்து உடல்சூடாகப் போய்விடும், நஞ்சு மட்டும் தங்கிவிடும். வேட்டை நன்றாக அமைந்த நாளில் கரடி சீலின் கொழுப்பை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மாமிசத்தை நரிக்கு விட்டுவிட்டுப் போகும். நஞ்சு எங்கே சேர்ந்திருக்கிறதோ சரியாக அதையே பார்த்துத் தின்கிறது!

தடை பற்றி. மொத்தத்தில் 13 லட்சம் டன் அளவுக்கு பி.சி.பி தயாரித்திருக்கிறோம். அமெரிக்கா 1979-ல் நிறுத்தியது, இப்படிச் சிதையாமல் தங்கும் 12 ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-ல் கையெழுத்தாகி 2004-ல் நடைமுறைக்கு வந்தது. தடையால் பயனில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆர்க்டிக் காற்றிலும் சீல்களிலும் பழைய ரசாயனங்கள் பல குறைந்துதான் வந்திருக்கின்றன. மெதுவாக, அவ்வளவுதான்.

உப்புமூட்டை:
வாடைக்காற்று சொன்னதோடு உங்கள் மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கனடாவின் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கோடையில் கடல் பனி முழுக்கக் கரைந்துவிடும், கரடிகள் கரைக்கு ஏறிவிடும். பனியில்லாமல் சீலைப் பிடிக்க முடியாது, அதனால் மறுபடி கடல் உறையும்வரை ஏறக்குறைய பட்டினிதான். இந்தப் பனியற்ற காலம் சில பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது மூன்று வாரம் வரை கூடிவிட்டது. பட்டினியில் உடம்பு என்ன செய்யும்? சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைக்கும். கொழுப்பு எரியும், அதில் பூட்டியிருந்த பி.சி.பி எரியாது. அது இரத்தத்துக்கு வந்து கல்லீரல், மூளை என்று சுற்றும், மிஞ்சிய கொழுப்பில் இன்னும் அடர்த்தியாகும். கொழுத்த கரடியின் உடம்பில் நஞ்சு பெட்டியில் பூட்டிய மாதிரி. மெலிந்த கரடிக்குப் பெட்டி சிறுக்கிறது, சரக்கு அதேதான்.

கர்ப்பிணிக் கரடியின் நிலை இன்னும் மோசம். கரை ஏறியதும் நேராகக் குகைக்குப் போய், அங்கேயே குட்டி போட்டு, பால் கொடுத்து, குட்டிகளோடு பனிக்குத் திரும்புவதற்குள் எட்டு மாதம்கூட ஒன்றும் தின்னாமல் ஓடிவிடும். அந்தப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பு. நஞ்சு எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த பி.சி.பி துண்டுகள் சில, தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தில் அந்த ஹார்மோனின் இடத்தையே பிடித்துக்கொள்ளும். வளரும் குட்டிக்கு அது விளையாட்டு விஷயமில்லை.

அந்தப் பகுதியின் கரடிக் கணக்கு 2016-ல் 842, 2021-ல் 618.

நேர்பேச்சு:
ஒரு நிமிஷம். 842 எப்படி 618 ஆனது என்பதற்கு நஞ்சைக் காரணமாக வைக்காதீர்கள். அங்கே முதல் சந்தேகம் பனிமீதும் உணவுமீதும்தான், பி.சி.பி-மீது இல்லை. காட்டில் திரியும் ஒரு கரடி செத்தால் இது நஞ்சால் செத்தது என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது, நோய் எதிர்ப்பு குறைந்தது, ஹார்மோன் மாறியது என்ற மட்டில்தான் சொல்ல முடியும். இரண்டையும் குழைத்துப் பேசினால் கடைசியில் எதையுமே நம்ப மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், பனி போனால் நஞ்சு ஏறும் என்று சூத்திரம் மாதிரி சொல்கிறீர்கள். கிழக்கு கிரீன்லாந்தில் கரடிகள் வளையச் சீலிலிருந்து தெற்கே இருந்து வரும் ஹார்ப், ஹூடட் சீல்களுக்கு மாறின, அவை மேல்படியில் தின்பவை, அதிக நஞ்சு சுமப்பவை. அது உங்கள் பக்கம். ஆனால் அலாஸ்காவின் பியூஃபோர்ட் கடலோரக் கரடிகளின் முடியில் 2004-க்கும் 2011-க்கும் நடுவே பாதரசம் இறங்கியது. கடல் சுத்தமாகிவிட்டதா? இல்லை. காக்டோவிக் ஊர்க்காரர்கள் போஹெட் திமிங்கிலத்தை வேட்டையாடி அறுத்த பிறகு எலும்பும் மிச்சமும் ஊருக்கு வெளியே குவிந்து கிடக்கும். பனி விலகிப்போய்க் கரையில் நிற்கும் கரடிகள் அதில் போய் விழுந்தன. போஹெட் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் பிராணி, உணவுச் சங்கிலியில் கீழே இருப்பது, அதன் உடம்பில் பாதரசம் ரொம்பக் குறைவு. கரடி தட்டை மாற்றியது, அளவு இறங்கியது. வரைபடத்தில் கோடு இறங்குகிறதே என்று யாராவது கொண்டாடினால் முதலில் கரடி என்ன தின்றது என்று கேளுங்கள்.

உப்புமூட்டை:
சரி, 618-ஐ அந்த இடத்தில் தனி வரியாகப் போட்டது என் தப்பு. நஞ்சு கொன்றது என்று சொல்ல வரவில்லை, பட்டினி கிடக்கும் உடம்புக்கு நஞ்சு இரட்டைச் சுமை என்றுதான் சொல்ல வந்தேன். பியூஃபோர்ட் விஷயம் அருமை, எனக்குத் தெரியாது.

வாடைக்காற்று:
நேர்பேச்சு பாதரசத்தைத் தொட்டதால் ஒரு திருத்தம், நானும் மேலே எல்லாவற்றையும் கொழுப்புக் கணக்கில் போட்டுவிட்ட மாதிரி தொனித்திருக்கும். பாதரசம் கொழுப்பில் தங்குவதில்லை. மெத்தில் பாதரசமாக மாறிப் புரதத்தோடு ஒட்டும், அதனால்தான் தசை, கல்லீரல், முடி என்று தேடுகிறார்கள். வரும் வழியும் வேறு. நிலக்கரி எரிப்பதிலும் சிறுசிறு தங்கச் சுரங்கங்களிலும் கிளம்பும் ஆவி பல மாதம் காற்றிலேயே உலகைச் சுற்றும். கனடாவின் வடகோடியில் அலர்ட் என்றொரு நிலையம் இருக்கிறது. நீண்ட துருவ இரவு முடிந்து சூரியன் எட்டிப்பார்க்கும் வசந்தத்தில் காற்றிலிருந்த பாதரசம் திடீரென்று காணாமல் போவதை 1995-ல் அங்கேதான் கவனித்தார்கள். கடல் உப்பிலிருந்து வரும் புரோமின் வெயில் பட்டதும் வேலையைத் தொடங்கி, பாதரசத்தைப் பனிமேல் இறக்கிவிடுகிறது.

இனி சூடு. 1979-லிருந்து ஆர்க்டிக் உலக சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது, 2012 செப்டம்பரில் கடல் பனி 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது, இன்றுவரை அதுதான் மிகக் குறைந்த அளவு. கடல் பனி ஒரு மூடி மாதிரி. மூடி விலகினால், முன்பு தண்ணீரிலும் பனியிலும் அடங்கியிருந்த பழைய ரசாயனங்கள் மறுபடி காற்றுக்கு ஏறுகின்றன. அலர்ட்டிலும் நார்வேயின் சுவால்பார்ட் தீவுகளிலுள்ள ஸெப்பலின் நிலையத்திலும் பல வருஷமாகக் காற்றை அளந்து வைத்திருந்த கணக்கிலிருந்து 2011-ல் இதைக் காட்டினார்கள். உறைமண்ணுக்குள் கிடக்கும் பாதரசம் வேறு, அது இளகினால் ஆறு வழியாகக் கடலுக்கு. நாற்பது வருஷத்துக்கு முன்பு மூடிய ஆலை இப்போது மறுபடி புகைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்முள்:
கரடியைப் பற்றியே பேசுகிறீர்களே, அதே கடலில் தின்று வாழும் மனிதர்களை மறந்துவிட்டீர்கள். 1980-களின் நடுவில் எரிக் டிவாய்லி என்ற கியூபெக் மருத்துவ ஆய்வாளர் தெற்கே தாய்ப்பாலில் எவ்வளவு ரசாயனம் என்று அளந்துகொண்டிருந்தார். ஒப்பிடுவதற்கு மாசே படாத பால் வேண்டுமே என்று வடக்கே நுனாவிக் பகுதியின் பழங்குடியினரான இனுயிட் தாய்மார்களிடம் மாதிரி கேட்டார். வந்து சேர்ந்த பாலில் பி.சி.பி, தெற்கத்திப் பெண்களின் பாலில் இருந்ததைவிட ஐந்து மடங்கு அளவுக்கு இருந்தது. சுத்தத்துக்கு அளவுகோலாக எடுத்ததே அதிகம் மாசுபட்டதாக இருந்தது. சீல், பெலுகா, நார்வால் திமிங்கிலங்கள் என்று கரடி நிற்கும் அதே படியில்தான் அவர்களும் நிற்கிறார்கள்.

அப்படியானால் தின்னாதே என்று சொல்லிவிடலாமா? சொல்பவருக்கு எளிது. அந்த மாமிசம்தான் அவர்களுக்கு இரும்புச்சத்து, செலினியம், நல்ல கொழுப்பு, அதை விட்டால் விமானத்தில் வந்திறங்கும் விலைகூடிய டப்பா உணவு. தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்லவில்லை, கொடுப்பதால் வரும் நன்மையே பெரிது என்றுதான் முடிவு செய்தார்கள். ஸ்டாக்ஹோம் பேச்சுவார்த்தைக்கு இனுயிட் பிரதிநிதி ஷீலா வாட்-குளூட்டியே, தாயும் குழந்தையுமாகச் செதுக்கிய ஒரு சிற்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார், அதன் பிறகு நடந்த பேச்சிலெல்லாம் அது தலைவர் மேசையில் இருந்தது. உடன்படிக்கையின் முகவுரையில் ஆர்க்டிக் பெயர் சொல்லி வருவது சும்மா வந்ததில்லை.

கேள்விக்கொக்கி:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று. போஹெட் 200 வருஷம்கூட வாழும் என்று படித்திருக்கிறேன், அவ்வளவு காலம் சேர்த்தும் பாதரசம் குறைவு என்றால் வயதைவிடத் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் முக்கியமா?

நேர்பேச்சு:
முதலில் தட்டு, அப்புறம் வயது, அப்புறம் ஆணா பெண்ணா. பனி குறையக் குறைய ஹட்சன் விரிகுடாவுக்குள் கோடையில் கொலைத் திமிங்கிலம் எனப்படும் ஓர்காக்கள் அதிகமாக வர ஆரம்பித்திருக்கின்றன. உலகிலேயே அதிகம் பி.சி.பி சுமக்கும் பாலூட்டிகளில் ஒன்று அது. ஆண் ஓர்காவுக்கு அதை இறக்கிவைக்க வழியே இல்லை, சாகும்வரை சேர்ந்துகொண்டே போகும். பெண்ணுக்குக் குட்டி பிறந்ததும் அளவு சட்டென்று இறங்கும், பால் வழியாகப் போய்விடுகிறது. முதல் குட்டிக்குத்தான் அதிகம் போகும், அடுத்தடுத்து வருபவற்றுக்குக் குறைவு.

கேள்விக்கொக்கி:
அந்தப் படத்தில் குட்டிகளிடமும் மாதிரி எடுத்தார்களா என்று மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு ஒருவர் குட்டி ஒன்றின் காதுக்குப் பின்னாலிருந்து நாலு முடியைப் பிடுங்கி உறையில் போடுகிறார். அதுவரைதான் காட்டுகிறார்கள்.